முட்டி வெறுமனே தேய்வதில்லை

வேலூர்ப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எப்படியும் முட்டிக்கு வந்துவிடும். எக்ஸ்ரே எடுத்தாயா, ஜவ்வு எவ்வளவு தேய்ந்திருக்கிறதாம், ஆபரேஷனுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று தொடங்கி, முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், யாரோ எங்கிருந்தோ வாங்கி வந்த எண்ணெய் என்று சுற்றி, கடைசியில் ஒரே தீர்ப்பில் போய் நிற்கும். வயதாகிவிட்டது, தேய்ந்துவிட்டது, இனி என்ன செய்ய முடியும்?

இந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டை உண்டு. இருபது வருடங்களுக்கு மேலாக ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருப்பவன் நான். மருத்துவன் அல்ல. ஆனால் முட்டியிலிருந்து எடுத்த நீர் எப்படி இருக்கும், அதில் என்ன செல்கள் வரும் என்பது என் அன்றாட வேலை. கடந்த சில ஆண்டுகளாக அந்தச் செல்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்துவருகிறேன். காரணம் என் அக்கா.

அக்கா குடியாத்தத்தில் இருக்கிறார். கல்யாணமாகிப் போனதிலிருந்து பீடி சுற்றுகிறார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால் மதியச் சமையலுக்குத்தான் எழுந்திருப்பார். முட்டி வலிக்க ஆரம்பித்ததும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஒருவர், தேய்மானம், படி ஏறாதீர்கள், அதிகம் நடக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா சொன்னதைச் சொன்னபடி கேட்பவர். நடையை நிறுத்தினார். கடைக்குக் கட்டுக் கொடுக்கப் போவதையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். தொடை மெலிந்தது, இடுப்பு பெருத்தது, வலி குறையவில்லை. சோளிங்கர் மலையின் 1,305 படிகளையும் ஒரு காலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறியவர், ரோப் கார் வந்த பிறகும் போக மனமில்லை என்றார். "இருக்கிற கொஞ்சம் ஜவ்வையாவது மிச்சம் பிடிக்க வேண்டாமா தம்பி?" என்று கேட்டார்.

மிச்சம் பிடிப்பதற்கு அது பானையில் இருக்கிற அரிசி இல்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு நாளாயிற்று. முட்டிக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால்தான் அது புரியும்.

நீரிலிருந்து தொடங்குகிறேன். முட்டியில் நீர் கோத்துக்கொண்டால் மருத்துவர் ஊசி வைத்து உறிஞ்சி எங்களுக்கு அனுப்புவார். தேய்மான மூட்டின் நீரைக் குழாயோடு வெளிச்சத்தில் பிடித்தால் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்தைப் படித்துவிடலாம். ஒரு சொட்டை ஊசி முனையிலிருந்து விட்டால் சட்டென்று விழாது. நூல் இழுத்துக்கொண்டு இறங்கும். நீருக்கு வழுவழுப்புத் தரும் ஹயலுரானிக் அமிலம் கெடாமல் இருக்கிறது என்பதற்கு அந்த நூல் அடையாளம். உடலின் நோயெதிர்ப்பே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்தில் நீர் கலங்கலாக வரும். பச்சைத் தண்ணீர்போலச் சொட்டும். இரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணப் பயன்படுத்தும் அசெட்டிக் அமிலக் கரைசலை இந்த நீரில் ஊற்றக் கூடாது, உடனே திரிந்துவிடும். உப்புக் கரைசலில்தான் கலக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பிறகு எண்ண வேண்டும். நல்ல மூட்டில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200 வெள்ளணுக்கள்கூட இருக்காது. தேய்மான மூட்டில் கூடும், ஆனால் பெரும்பாலும் 2,000-ஐத் தாண்டாது. முடக்குவாதத்தில் பல்லாயிரம் போகும், அதில் பெரும்பங்கு நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள். சீழ் பிடித்த மூட்டில் 50,000-க்கு மேல் போவது சாதாரணம். இந்தக் கணக்கின்படி தேய்மான மூட்டின் நீரை 'அழற்சியற்றது', அதாவது நோயெதிர்ப்பு செல்கள் திரண்டு வீக்கம் உண்டாக்காதது, என்ற வகையில் எழுதுகிறோம். அந்த வகைப்பாட்டில் தவறில்லை. கிருமித் தொற்றா, யூரிக் அமிலம் படிந்து வரும் கவுட்டா, முடக்குவாதமா என்று அவசரமாகப் பிரித்தறிய அது மிகவும் உதவுகிறது. ஆனால் அதிலிருந்து மருத்துவ உலகம் நெடுங்காலம் வேறொரு முடிவுக்குப் போய்விட்டது. தேய்மானத்தில் நோயெதிர்ப்பு செல்களுக்கு வேலையில்லை, அது எலும்போடு எலும்பு உரசும் இயந்திரக் கோளாறு மட்டுமே என்பது அந்த முடிவு.

நீரில் மிதப்பவை குறைவு என்பது உண்மை. மூட்டைச் சுற்றியிருக்கும் உறையில் குடியிருப்பவை குறைவல்ல.

அந்த உறைக்குப் பெயர் சைனோவியம். அதன் உள்விளிம்பு ஆரோக்கியமான மூட்டில் ஒன்று முதல் மூன்று செல் அடுக்கு கனம்தான் இருக்கும். அதில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒன்று, வழுவழுப்பான நீரைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் வகை. மற்றொன்று மேக்ரோஃபேஜ், அதாவது அழுக்கையும் கிருமியையும் விழுங்கிச் செரிக்கிற நோயெதிர்ப்பு செல். நோய் வந்த பிறகு இரத்தத்திலிருந்து ஓடிவந்தவை அல்ல இந்த மேக்ரோஃபேஜ்கள். மூட்டிலேயே குடியிருந்து, அங்கேயே பெருகித் தங்கள் எண்ணிக்கையைக் காத்துக்கொள்பவை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள் 2019-இல் எலிகளின் மூட்டில் இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார்கள். உள்விளிம்பிலிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, மூட்டின் உட்பகுதியை மற்ற நோயெதிர்ப்பு செல்கள் நெருங்காதபடி ஒரு தடுப்பு அமைத்திருந்தன. அழற்சி தொடங்கியதும் அந்தப் பிணைப்பு தளர்ந்தது.

ஆக, இந்தச் செல்கள் முதலில் காவல்தான். அவை ஏன் எதிராகத் திரும்புகின்றன?

நாம் ஜவ்வு என்று சொல்லும் குருத்தெலும்பில் இரத்தக்குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. அதனால் அது தேய்ந்தால் அதற்கு வலிக்காது. அடிபட்டதாலோ, வயதாலோ, உடல் எடையாலோ, கால் வளைந்து பாரம் ஒரு பக்கமாக இறங்குவதாலோ குருத்தெலும்பிலிருந்து நுண்துகள்கள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தின் துணுக்கு, ஹயலுரானிக் அமிலத் துணுக்கு என்று பல வகை. மேக்ரோஃபேஜ்களின் மேற்பரப்பில் டி.எல்.ஆர்-2, டி.எல்.ஆர்-4 என்ற உணரிகள் இருக்கின்றன. பாக்டீரியாவின் உடற்பொருளை அடையாளம் காணும் உணரிகள் அவை. உடைந்த துணுக்குகளும் அதே உணரிகளைத் தட்டுகின்றன. கிருமி எதுவும் வரவில்லை, ஆனால் கிருமி வந்தால் என்ன நடக்குமோ அது நடக்கிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். என்ற செய்திப் புரதங்கள் நீரில் பரவுகின்றன.

அந்தச் செய்தி குருத்தெலும்புக்குள் இருக்கும் கான்ட்ரோசைட் செல்களுக்கும் போய்ச் சேருகிறது. குருத்தெலும்பைக் கட்டி வளர்ப்பவை அவைதான். செய்தி வந்ததும் அவையே எம்.எம்.பி-13, அடாம்டிஎஸ்-5 போன்ற நொதிகளை வெளிவிடுகின்றன. முன்னது குருத்தெலும்புக்கு வலு தரும் இரண்டாம் வகைக் கொலாஜன் நாரை வெட்டும். பின்னது, தண்ணீரைப் பிடித்து வைத்து அழுத்தம் தாங்கும் அக்ரிக்கானை வெட்டும். வெட்டுப்பட்டவை மீண்டும் துணுக்குகளாக உதிர்கின்றன. துணுக்குகள் மீண்டும் மேக்ரோஃபேஜ்களைத் தட்டுகின்றன. நின்றால் நடந்தால் உரசித் தேய்வது மட்டும் அல்ல இது. அக்கா கட்டிலில் படுத்திருக்கும்போதும் இந்த வெட்டு வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. அசையாமல் இருந்து மிச்சம் பிடிக்க முடியாது என்று நான் அவரிடம் மன்றாடியது இதனால்தான்.

எலியில் நடப்பது மனிதர்களிடமும் நடக்கிறதா என்று கேட்பது நியாயம். அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ்களில் மட்டும் போய் ஒட்டும் ஒரு கதிரியக்க மருந்தைத் தேய்மானம் உள்ளவர்களுக்குச் செலுத்திப் படம் எடுத்தார்கள். 76 சதவீத முட்டிகள் ஒளிர்ந்தன. ஒளிர்வு கூடிய இடத்தில் வலியும் கூடியிருந்தது, எலும்பு முளைகளும் அதிகம் இருந்தன. எக்ஸ்ரேயில் பார்த்து, முள் முளைத்திருக்கிறது என்று சொல்வார்களே, அந்த முளையிலும் இந்தச் செல்களுக்குப் பங்கு உண்டு. மேக்ரோஃபேஜ்களை முன்கூட்டியே நீக்கிய எலிகளின் மூட்டில் முளைகள் வெகுவாகக் குறைந்ததை நெதர்லாந்தில் 2004-இலேயே காட்டிவிட்டார்கள்.

மேக்ரோஃபேஜ் மட்டும் தனியாக இல்லை. உறையின் ஆழத்தில், இரத்தக்குழாய்களை ஒட்டி டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாகத் தங்கியிருக்கின்றன. ஒவ்வாமைக்குப் பெயர்போன மாஸ்ட் செல்களும் தேய்மான மூட்டின் உறையில் கணிசமாக உண்டு. இரத்தத்தில் மிதந்து கிருமியை அழிக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆனாலும் எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் முன்னணியில் நிற்பது மேக்ரோஃபேஜ்தான் என்பது நான் படித்தவற்றிலிருந்து எனக்குத் தெளிவு.

இந்தச் செல்லோடு வடஆற்காட்டுக்காரர்களுக்குப் பழைய பகை உண்டு. தொழில் பழகிய நாளில் நான் பார்த்த தொழுநோய் ஸ்லைடுகளில், நுரை நுரையாக வீங்கிய மேக்ரோஃபேஜ்களுக்குள் சிவப்புக் குச்சிகளாகத் தொழுநோய்க் கிருமிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். விழுங்கிய கிருமியைச் செரிக்க முடியாமல் அதற்கே வீடாகிப் போன செல் அது. தொழுநோய் ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தை எப்படி வாட்டியது என்பதற்குத் தொழுநோய்க்கென்றே உருவான கரிகிரி மருத்துவமனையே சாட்சி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் ஏன் குறுகிப் போகின்றன என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார். கிருமி சதையைத் தின்பதால் அல்ல, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால்தான் என்று நிறுவினார். சூடு தெரியாமல் பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், காயம் தெரியாமல் அந்தக் கையாலேயே வேலை செய்கிறார்கள். வலி போனதே அவர்களுக்குக் கேடானது.

வேலூர் இப்படிக் கற்றுத் தந்த பாடம் முட்டி வலியில் மறுபடி எதிரே வந்தது. உறையின் செல்கள் வெளிவிடும் பொருள்களில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற ஒன்று உண்டு. நரம்பு முனைகளைக் கூர்மையாக்கி வலியைப் பெருக்குவது அது. அதைத் தடுக்க டனேசுமாப் என்ற ஊசி மருந்தை உருவாக்கினார்கள். வலி குறைந்தது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு மூட்டு எதிர்பாராத வேகத்தில் அழிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2021-இல் 19-க்கு 1 என்ற வாக்கில் அதை நிராகரித்தது. வலியை மட்டும் அணைத்து அதற்குக் காரணமான அழிவை விட்டுவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் சில கடைகளில் பொட்டலம் கட்டித் தரும் பெயரில்லாத வலி மாத்திரைகளைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு வேளையில் வலி பறந்துவிடும். அதில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் விழுங்கியவர்கள் முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, எங்கள் ஆய்வகத்துக்கு இரத்தம் கொடுக்க வருகிறார்கள். முட்டியிலேயே போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மருத்துவர் பார்த்து எப்போதாவது போடுவது வேறு. நிவாரணம் சில வாரங்களுக்கு உண்டு. அதையே வழக்கமாக்கினால் என்ன ஆகும் என்று 140 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு வருடம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, வெறும் உப்பு நீர் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்திருந்தது. வலியில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நோயெதிர்ப்பு செல்கள் மூட்டில் என்ன செய்யும் என்பதற்கு சிக்குன்குனியாவும் எங்களுக்கு உதாரணம். 1964-இல் வேலூரில் அது கொள்ளைநோயாகப் பரவியது. 2006 வாக்கில் மறுபடி வந்தபோது தெருவுக்குத் தெரு மனிதர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது; மூட்டு வலி மாதங்களுக்கு, சிலருக்கு வருடங்களுக்கு நின்றது. அங்கே தொடக்கம் வைரஸ், இங்கே தொடக்கம் உதிர்ந்த துணுக்கு. இரண்டிலும் உறையின் மேக்ரோஃபேஜ்களுக்குப் பங்கு உண்டு.

அப்படியானால் முடக்குவாதத்துக்குப் போடுகிற மருந்துகளையே தேய்மானத்துக்கும் போட்டுவிட்டால் என்ன? போட்டுப் பார்த்தார்கள். டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் அடலிமுமாப் கை மூட்டுத் தேய்மானத்தில் தோற்றது. இன்டர்லூக்கின்-6 வழியை அடைக்கும் டோசிலிசுமாப் தோற்றது. இன்டர்லூக்கின்-1-ஐக் குறிவைத்த லூட்டிகிசுமாப் முட்டித் தேய்மானத்தில் தோற்றது. இந்தத் தோல்விகளைக் காட்டி, பார்த்தீர்களா, அழற்சிக்கு இதில் பங்கில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மாரடைப்பு வந்த 10,061 பேரை வைத்து இதயத்துக்காக நடத்திய ஒரு பெரிய சோதனையில், இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் ஊசியை வருடக்கணக்கில் கொடுத்தார்கள். பிறகு பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, ஊசி பெற்றவர்களில் இடுப்பு, முட்டி மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் போனவர்கள் சுமார் 40 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. மூட்டுக்காகத் திட்டமிட்ட சோதனை அல்ல, அதனால் அதையே இறுதி முடிவாகப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் கதவு மூடிவிட்டது என்று சொல்லவும் முடியாது.

என் எண்ணத்தில் சிக்கல் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. தேய்மானம் என்ற ஒரே பெயரின் கீழ் பல வகை நோயாளிகளை அடைத்திருக்கிறோம். ஒருவருக்குப் பழைய விபத்து, ஒருவருக்கு வளைந்த கால், ஒருவருக்கு உறை தடித்து வீங்கிய அழற்சி. எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சராசரி எடுத்தால் பலன் காணாமல்தான் போகும். ஆஸ்திரேலியாவில் 2023-இல் வெளியான சோதனையில், கை மூட்டுத் தேய்மானத்தோடு எம்.ஆர்.ஐ. படத்தில் உறை அழற்சியும் தெரிந்த 97 பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை வாரம் 20 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் சாப்பிட்டவர்களுக்கு வலி, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. ஆளறிந்து கொடுத்தால் பலன் தெரிகிறது. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணித்தபடி மருத்துவர் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. முட்டிக்கும் இப்படி ஆள் பார்த்துச் செய்யும் சோதனைகள் பெருக வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் அவற்றில் இடம்பெற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தரையில் மடக்கி உட்கார்ந்து முப்பது வருடம் உழைத்த முட்டியும், நாற்காலியில் வாழ்ந்த முட்டியும் ஒன்றல்ல.

இன்றைக்குச் செய்யக்கூடியது என்ன என்று அக்கா கேட்டார். எடையிலிருந்து தொடங்கினேன். எடை என்றாலே பாரம் என்றுதான் நினைக்கிறோம். அது பாதி உண்மை. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் நடையின் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் இறங்கும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. ஆனால் பருமன் உள்ளவர்களுக்கு விரல் மூட்டுகளிலும் தேய்மானம் அதிகம் வருகிறது. விரலால் யாரும் நடப்பதில்லையே. கொழுப்புத் திசுவுக்குள்ளும் மேக்ரோஃபேஜ்கள் குடியிருந்து அதே செய்திப் புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. முட்டிச் சில்லுக்குக் கீழேயே ஒரு கொழுப்புத் திட்டு உறையை ஒட்டி இருக்கிறது. பருமனும் முட்டித் தேய்மானமும் உள்ள 454 பேரை வைத்து அமெரிக்காவில் 18 மாதம் நடத்திய சோதனையில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்து செய்தவர்களுக்கு, உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலியும் குறைந்தது, இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 அளவும் குறைந்தது.

இரண்டாவது தொடைத் தசை. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியால் அதைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிப்பது. காலை வெயில் ஏறுமுன் தெருக்கோடி வரை நடப்பது. தொடங்கும்போது கொஞ்சம் வலிக்கும். அந்த வலியால் முட்டி கெட்டுவிடாது என்று பிசியோதெரபி பார்க்கும் பெண் பக்கத்திலிருந்து சொன்ன பிறகுதான் அக்கா நம்பினார். தம்பி சொன்னால் எடுபடாதது வெள்ளைக் கோட்டு சொன்னால் எடுபடுகிறது. பீடி சுற்றுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது அவர் வீட்டுக்கு அரிசி. உயரமான ஸ்டூல் ஒன்று செய்து கொடுத்தோம். முறத்தை எதிரே ஒரு பலகையில் வைத்துக்கொள்கிறார். முதலில் கை ஓடவில்லை என்று சண்டை போட்டார், இப்போது பழகிவிட்டது.

போன மாதம் வலது முட்டியில் மறுபடி நீர் கோத்தது. இந்த முறை எக்ஸ்ரேயோடு நிற்க வேண்டாம், அல்ட்ராசவுண்டில் உறை தடித்திருக்கிறதா, அதில் இரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டிருக்கிறார். மருத்துவர் முகம் சுளிக்காமல் படம் பிடித்துப் பார்த்து, உறையில் அழற்சி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தேய்மானம் என்ற ஒற்றை வார்த்தைக்குப் பதிலாக அக்கா கையில் முதன்முறையாக ஒரு விவரம் வந்திருக்கிறது. எடுத்த நீரை நான்தான் எண்ணினேன்: 2,000-க்குக் கீழே. அறிக்கையில் வழக்கம்போல 'அழற்சியற்றது' என்றே எழுதி, உறையின் அல்ட்ராசவுண்ட் அறிக்கையையும் சேர்த்துப் பார்க்கவும் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். இனி அப்படித்தான் எழுதுவது என்று எங்கள் ஆய்வகத்தில் பேசி வைத்திருக்கிறோம்.